கோதுமைக் கப்பலின் சமையல்காரர்

தமிழ்மாறனுடைய அப்பா சங்கிலி, வாடிப்பட்டிக்கு மேற்கே அடுத்தவர் வயல்களில் நாற்று சுமந்து வாழ்ந்தவர். வாலிபத்தில் ஊர்ச் சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தபோது போதகர் அவருக்கு வேதத்திலிருந்து ஒரு பெயர் வைக்க விரும்பினார். "கர்த்தர் என்னைய இந்தப் பேரச் சொல்லித்தான கூப்பிட்டாரு. மாத்துனா அவருக்குக் கொழப்பமாயிரும்" என்று சங்கிலி மறுத்துவிட்டார். மகனுக்கும் தனக்குப் பிடித்த பெயரையே வைத்தார். அதனால் அந்தச் சபைப் பதிவேட்டில் யோவான்களுக்கும் ஸ்தேவான்களுக்கும் நடுவே ஒரு சங்கிலியும் ஒரு தமிழ்மாறனும் இருக்கிறார்கள்.

தமிழ்மாறனுக்குப் படிப்பு ஏறவில்லை. கை நன்றாக ஓடியது. மதுரையில் பெரியார் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டலில் வெங்காயம் உரிக்கச் சேர்ந்தார். பரோட்டாக் கல்லுக்கு வந்தார், பிறகு பிரியாணி அண்டாவுக்கு. அங்கிருந்து சவூதியில் தம்மாம் நகரத்துக்குப் போய் ஒரு எண்ணெய்க் கம்பெனி மெஸ்ஸில் சில வருடங்கள் சமைத்தார். மலையாளிக்கும் பாகிஸ்தானிக்கும் எகிப்துக்காரருக்கும் ஒரே அடுப்பில் ஆக்கிப்போடப் பழகியது அங்கேதான். அரபியும் சமையலறைக்கு வேண்டிய அளவுக்கு வந்தது. தண்ணீர், உப்பு, ரொட்டி, போதும், இன்னும் கொஞ்சம், பிள்ளைகள் சுகமா என்ற அளவுக்கு.

ஊருக்குத் திரும்பி எஸ்தர்ராணியைக் கல்யாணம் செய்துகொண்டார். எஸ்தர் வண்டியூரில், தெப்பக்குளத்துக்கு அடுத்த தெருவில் வளர்ந்தவர். தையல் மிஷின் ஒன்றைச் சீர்வரிசையாகக் கொண்டுவந்து, பள்ளிச் சீருடை தைத்து, வாடிப்பட்டி வீட்டுக்குத் தானும் ஒரு வருமானம் சேர்த்தவர். மகள் பவதாரிணி பிறந்த பிறகு, கப்பலில் சமையல்காரராகப் போனால் வருடத்தில் சில மாதம் முழுதாக வீட்டில் இருக்கலாம் என்று யாரோ சொல்ல, தமிழ்மாறன் தூத்துக்குடியில் தங்கி அதற்கான சான்றிதழை வாங்கினார். அதுவரை கடலில் கால் நனைத்ததோடு சரி.

முதல் பயணத்தில் பத்து நாளும் வாந்தி எடுத்துக்கொண்டே சமைத்தார். அடுத்த பயணத்தில் பழகிவிட்டது. அலையில் கப்பல் சாயும்போது குழம்புச் சட்டி எந்தப் பக்கம் வழியும் என்று உடம்புக்கே தெரிந்துபோனது.

கடைசியாக அவர் ஏறியது கோதுமை ஏற்றும் கப்பல். கருங்கடலில் ஒரு துறைமுகத்தில் ஏற்றி, சூயஸ் கால்வாய் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோகிற சரக்கு. ஊழியர்களில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். மாலுமிகளில் சிலர் இந்தியர்கள். தலைமை இன்ஜினியர் மிகொலா உக்ரைன்காரர். கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான யூரி ரஷ்யர். இருவருடைய நாடுகளும் சண்டையில் இருந்தன. மிகொலாவின் தம்பி போர்முனையில் இருந்தார். வேலை நேரத்தில் இருவரும் வேண்டியதை மட்டும் பேசிக்கொள்வார்கள். சாப்பாட்டு மேசையில் ஒருவர் இந்தக் கோடி, மற்றவர் அந்தக் கோடி.

அவர்களைச் சேர்த்துவைக்கும் யோசனையெல்லாம் தமிழ்மாறனுக்கு இல்லை. ஒரு நாள் ரொட்டித் தட்டு ஒன்று உடைந்துபோனதால், இருந்த ஒரே தட்டை மேசை நடுவில் வைத்தார். யூரி எடுத்துவிட்டு, சற்று யோசித்து, தட்டை மிகொலாவின் பக்கம் நகர்த்தினார். மிகொலா தலையசைத்து வாங்கிக்கொண்டார். தமிழ்மாறன் இதை அடுப்படியிலிருந்து பார்த்தார். மறுநாள் பழைய பெட்டியொன்றில் வேறு தட்டு கிடைத்தது. அதை அவர் வெளியே எடுக்கவில்லை.

இன்ஜின் அறையில் எண்ணெய் போடுகிற ரெனாட்டோதான் கப்பலில் அவருக்கு நெருக்கமானவர். தமிழ்மாறன் ஊரிலிருந்து கொண்டுபோன புளியைக் கரைத்து மீன் போட்டு ஒரு நாள் நீர்க்கக் கொதிக்கவைத்தபோது, ரெனாட்டோ ஒரு வாய் குடித்துவிட்டு, கிண்ணத்தோடு அடுப்படிக்கே வந்துவிட்டார். அவர்கள் ஊரிலும் புளி போட்டு இப்படி ஒரு சூப் வைப்பார்களாம். அவருடைய அம்மா வைப்பதில் காரம் மட்டும் இருக்காதாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு அறையில் பிலிப்பைன்ஸ்காரர்கள் கூடி ஜெபிப்பார்கள். அவர்கள் கத்தோலிக்கர், தமிழ்மாறன் சி.எஸ்.ஐ. அவர்கள் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார்கள், இவருக்கு அந்த வழக்கம் இல்லை. பாட்டுக்கு ராகம் தெரியாவிட்டாலும் தமிழ்மாறன் பின்னால் நின்று முணுமுணுப்பார்.

செங்கடல் கரையொன்றை ஆளும் ஆயுதக் குழு அந்த வழியாகப் போகும் கப்பல்கள் மீது ஏவுகணை வீசத் தொடங்கி அப்போது பல மாதங்கள் ஆகியிருந்தன. பெரிய கம்பெனிகளின் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. சுற்றினால் வாரக்கணக்கில் கூடுதல் பயணம். அதன் சூடு வாடிப்பட்டி வரைக்கும் வந்தது. ஊருக்கு வெளியே அழகுராஜா என்பவர் தேங்காய் நார்க் கழிவைக் கட்டியாக அழுத்தி ஐரோப்பாவுக்கு அனுப்பும் தொழில் செய்துவந்தார். கன்டெய்னர் கிடைக்காமல் சரக்கு மலைபோலக் குவிய, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பாதி நாள் வீட்டில் இருந்தார்கள். எஸ்தரின் பக்கத்து வீட்டு சோலையம்மாளும் அவர்களில் ஒருவர்.

தமிழ்மாறனின் கப்பல் கம்பெனி மட்டும், நம்முடையது உணவுக் கப்பல், சண்டைக்காரர்கள் யாருக்கும் நாம் பகையில்லை, ஒன்றும் ஆகாது என்று சொன்னது. விருப்பமில்லாதவர்கள் சூயஸில் இறங்கிக்கொள்ளலாம் என்றும் கேப்டன் அறிவித்தார். அன்று எஸ்தர் போனில் கேட்டார்.

"ஏங்க, எறங்கிருங்க. வேலை போனா போகுது. மிஷின் இருக்கு, நான் இருக்கேன்."

"நான் எறங்குனா இவங்களுக்கு யாரு ஆக்கிப் போடுவா எஸ்தரு? வெறும் ரொட்டியத் தின்னுட்டா அந்தக் கடலத் தாண்டுவாங்க?"

"அவங்களுக்கு வேற ஆளு வரும். எனக்கு வருமா?"

ஆனாலும் தமிழ்மாறன் இறங்கவில்லை. மேல்தளத்து மாலுமிகள் இரண்டு பேர் இறங்கினார்கள். அவர்கள் மேல் யாரும் வருத்தப்படவில்லை.

செங்கடலுக்குள் ஒரு நாள் காலைச் சாப்பாடு முடிந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஆளில்லாமல் வெடிமருந்தோடு வந்த சின்னப் படகு ஒன்று கப்பலின் பின்பக்கத்தில் மோதியது. சமையலறையில் தொங்கிய அத்தனை கரண்டியும் ஒரே சமயத்தில் கீழே விழுந்தன. விளக்கு அணைந்தது. தமிழ்மாறன் எழுந்து நிற்கும்போதே தரை சாய்ந்திருந்தது. இன்ஜின் அறைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. உள்ளே இருந்தவர்களில் மிகொலா கைகள் வெந்த நிலையில் மேலே வந்தார். ரெனாட்டோ வரவில்லை. மிகொலா மறுபடியும் இறங்கப் பார்த்தார். யூரி அவரை இடுப்போடு கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உயிர்காக்கும் படகில் ஏற்றினார்.

அந்தப் படகு மூடிபோட்ட ஆரஞ்சு நிறக் கூடு. உள்ளே வைகாசி வெயில் அடுப்பாக எரிந்தது. சிறிது தூரம் போனதும் அதன் இன்ஜின் நின்றுவிட்டது. தமிழ்மாறன் ஜெபிக்க முயன்றார். ஒரு சொல்லும் வரவில்லை. புயலில் படகின் பின்பக்கத்தில் தலை சாய்த்துத் தூங்கிய இயேசுவைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறார். அதில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அன்றாட ஆகாரத்துக்குச் சொல்கிற ஜெபம் மட்டும், பிள்ளையாக இருந்தபோது அப்பா தட்டுக்கு முன்னால் சொல்லவைத்தது, வாயில் தானாக ஓடிக்கொண்டிருந்தது. எதிரே மிகொலாவின் கைகளை ஈரத் துண்டால் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டு யூரி உட்கார்ந்திருந்தார்.

மதியத்துக்குமேல் மீன்பிடிப் படகு ஒன்று நெருங்கியது. தாக்கியவர்கள்தான் முடிக்க வருகிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். கேப்டன் கதவைத் திறக்க வேண்டாம் என்றார். வெளியே யாரோ அரபியில் கூப்பிட்டார்கள். 'தண்ணீர்' என்ற சொல் தமிழ்மாறனுக்குப் புரிந்தது.

"தண்ணி வேணுமான்னு கேக்குறாங்க" என்று கேப்டனிடம் சொல்லிவிட்டு, அவரே கதவைத் திறந்தார்.

படகில் இரண்டு பேர். மூத்தவர் பெயர் சாலிம், கூட இருந்தவர் அவருடைய மச்சான். கப்பலைத் தாக்கியவர்கள் ஆளுகிற அதே கரையைச் சேர்ந்தவர்கள். தண்ணீர்க் கேனைக் கொடுத்தார்கள். துணியில் சுற்றியிருந்த தங்கள் ரொட்டியையும் கொடுத்தார்கள். தமிழ்மாறன் அதைப் பிய்த்து எல்லோருக்கும் பகிர்ந்தார். அவர் சமைக்காத சாப்பாட்டை அவர் பரிமாறியது கப்பல் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"கப்பலில் என்ன இருந்தது?" என்று சாலிம் கேட்டார்.

"கோதுமை" என்றார் தமிழ்மாறன்.

சாலிம் தலையில் கை வைத்துக்கொண்டார். தூரத்தில் புகை தெரிந்த பக்கம் பார்த்தார்.

"யாருக்கு?"

"ஆப்பிரிக்காவுக்கு."

"அவர்களுக்கும் பசிதான்" என்றார் சாலிம்.

பிறகு கயிறு கட்டி அவர்களுடைய படகை நடுக்கடல் பக்கமாக இழுத்துப் போனார்கள். பெரிய கப்பல் ஒன்று கண்ணுக்குத் தெரிந்ததும் சாலிம் கயிற்றை அவிழ்த்தார். அவர் உதவியதை யாராவது பார்த்தால் அவருக்குத்தான் ஆபத்து. தமிழ்மாறன் தம்மாமில் கற்றதையெல்லாம் கூட்டி, பிள்ளைகள் சுகமா என்று கேட்டார். அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை. சாலிம் சிரித்து, சுகம் என்று கையை நெஞ்சில் வைத்துக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

வாடிப்பட்டியில் அந்தச் செய்தி தொலைக்காட்சிக்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. கப்பலின் பெயரை வைத்து எஸ்தர் கண்டுகொண்டார். மும்பை ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஒருவரைத் தவிர எல்லோரும் காப்பாற்றப்பட்டார்கள், அந்த ஒருவர் யார் என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை, பொறுங்கள் என்றார்கள்.

அன்று ராத்திரி முழுக்க அந்த வீட்டில் ஆள் நிறைந்திருந்தது. சபைப் பெண்கள் தரையில் உட்கார்ந்து ஜெபித்தார்கள். சோலையம்மாள் தன் வீட்டுச் சாமி படத்துக்கு விளக்கேற்றி வைத்துவிட்டு வந்து, பவதாரிணியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு ஊட்டினார். சபை மூப்பர் மலைச்சாமியும் வந்தார். அவர் ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். உரத்த குரலில் ஜெபிப்பவர். "ஆண்டவரே, இதைச் செய்தவங்க கையை முறிச்சுப் போடும்" என்று அவர் ஜெபித்தபோது எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எஸ்தரும் சொன்னார்.

பொழுது விடியும் முன் தமிழ்மாறனே வேறொருவர் போனிலிருந்து பேசினார். "நான்தான். நல்லாருக்கேன்" என்றார். எஸ்தர் அப்படியே தையல் மிஷின் மேல் தலையைச் சாய்த்துவிட்டார்.

அவர் வந்து சேர இன்னும் சில வாரங்கள் ஆயின. மதுரை விமான நிலையத்தில் இறங்கியபோது கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும் இருந்தது. உடம்பில் காயமில்லை. வீட்டில் எல்லாரோடும் பேசினார், சிரித்தார், மகளோடு சந்தைக்குப் போனார். ஆனால் சமையலறைப் பக்கம் போகவில்லை. எஸ்தர் கரண்டியைக் கீழே போட்டால் திடுக்கிட்டுத் திரும்பினார்.

வருகிற ஞாயிறு சபையில் சாட்சி சொல்ல வேண்டும் என்று போதகர் கேட்டிருந்தார். எஸ்தருக்கும் அதுதான் ஆசை. தமிழ்மாறன் மறுத்தார்.

"கர்த்தர் காப்பாத்துனாருன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு ஒங்களுக்கு என்ன வலிக்குது? எம்புட்டு பேரு முழங்கால் போட்டு ஜெபிச்சாக தெரியுமா?" என்று எஸ்தர் கேட்டார்.

"ரெனாட்டோ வீட்லயும் முழங்கால் போட்டுருப்பாங்கல்ல?"

இரண்டு நாள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் ரெனாட்டோவின் மனைவியிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. யாரிடமோ கேட்டு எண்ணை வாங்கியிருந்தார். தமிழ்மாறன் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று பேசினார். எஸ்தரும் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பக்கமும் அரைகுறை ஆங்கிலம்தான். அந்தப் பெண் கப்பல் எப்படி மூழ்கியது என்று கேட்கவில்லை. அன்று காலை ரெனாட்டோ சாப்பிட்டாரா என்று மட்டும் கேட்டார்.

தமிழ்மாறனுக்கு அது நன்றாகத் தெரியும். சோறு, இரண்டு முட்டை, முந்தின நாள் மீந்த புளி சூப். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார், கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார், காரம் கூடிவிட்டது என்று திட்டினார். இதையெல்லாம் அவர் சைகையோடு சொல்லச் சொல்ல அந்தப் பெண் அழுதார். திட்டினார் என்றதும் அழுகைக்கு நடுவில் சிரித்தும் விட்டார். "வயிறு நிறைந்து போனார்" என்று தன் மொழியில் பக்கத்தில் இருந்த யாரிடமோ சொன்னது மாதிரி இருந்தது. அது புரியாவிட்டாலும் தமிழ்மாறன் தலையாட்டினார்.

அழைப்பு முடிந்ததும் எஸ்தர் தடுமாறித் தடுமாறிச் சொன்னார்: "அன்னைக்கு ஒருத்தரு இல்லன்னு சொன்னாங்கள்ல. அது நீங்களா இருக்கக் கூடாதுன்னு ஜெபிச்சேன். அப்படின்னா வேற ஒருத்தி புருஷன எடுத்துக்கிருங்கன்னு தான அர்த்தம். இப்ப அவ மொகத்தப் பாத்துட்டேன்."

தமிழ்மாறன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அப்படிக் கேக்கல எஸ்தரு. பயத்துல கத்துனதக் கர்த்தரு கணக்குல வைக்க மாட்டாரு. அந்தப் படகுக்குள்ள எனக்கு ஜெபமே வரல. அதுக்கே அவரு கோவிச்சுக்கல."

அன்று மாலை அவர் சமையலறைக்குள் போய், எஸ்தரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, குழம்பு வைத்தார். சோலையம்மாள் வீட்டுக்கும் ஒரு தூக்குச்சட்டி போனது.

அந்த ஆண்டு அறுப்பின் பண்டிகை வந்தது. பூசணியும் வாழைத்தாரும் நெல்மணியும் ஆலயத்துக்கு முன்னால் அடுக்கி ஏலம் விட்ட பிறகு, சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனம் நடக்கும். சாட்சி சொல்லாத தமிழ்மாறன், அசனத்துக்கு நான் சமைக்கிறேன் என்று போதகரிடம் போய் நின்றார். சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு நிமிடம் பேச அனுமதி வேண்டும் என்றும் கேட்டார்.

பந்தலில் இலை போட்டாயிற்று. சபையாரோடு, அழைக்கப்பட்டு வந்த தெருக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்மாறன் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்குப் பிரசங்கம் வராது. ரெண்டு பேரச் சொல்லிட்டு சோறு போட்டுர்றேன். ஒருத்தரு ரெனாட்டோ. எங்கூட வேலை பாத்தவரு, கப்பலோட போயிட்டாரு. நான் பொழச்சு வந்ததுக்குத் தெனமும் ஸ்தோத்திரம் சொல்றேன். ஆனா கர்த்தரு என்னைய மட்டும் பாத்துக் காப்பாத்திட்டு அவர விட்டுட்டாருன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவர் வீட்டுக்காரம்மாவுக்காக ஜெபிங்க.

"இன்னொருத்தரு சாலிம். குண்டு வந்துச்சுல்ல, அந்த ஊருக்காரரு. தான் தின்ன வச்சிருந்த ரொட்டிய எங்களுக்குக் குடுத்தாரு. தெனம் ஆகாரத்துக்கு ஜெபம் பண்றோம். அதுல எனக்குத் தாரும்னு இல்ல, எங்களுக்குன்னுதான் இருக்கு. அந்த எங்களுக்குள்ள எங்க வீடும் இந்தச் சபையும்தான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். கோதுமைய வெளைய வச்சவன், ஏத்துனவன், கப்பல ஓட்டுனவன், அதுக்காகக் கரையில காத்துக்கிட்டு இருந்தவன், இந்த சாலிமு, அம்புட்டுப் பேரும் அதுக்குள்ள இருக்காங்க. அத மட்டும் சொல்லணும்னு தோணுச்சு."

முன்வரிசையிலிருந்து மலைச்சாமி குரல் கொடுத்தார். "குண்டு போட்டவனும் அதுக்குள்ளயாப்பா இருக்கான்?"

தமிழ்மாறன் சற்று யோசித்தார்.

"தெரியலண்ணே. அவன நான் பாக்கல. சாலிமத்தான் பாத்தேன். ஆனா அன்னைக்குக் காலைல அவனுக்கும் யாராச்சும் ரொட்டி சுட்டுக் குடுத்துத்தான் அனுப்பிருப்பாங்க."

"நீ சொல்றத நான் ஒத்துக்கிற மாட்டேன்" என்றார் மலைச்சாமி.

"பரவால்லண்ணே. சாப்புடுங்க."

போதகர் எழுந்து சுருக்கமாக ஜெபித்தார். இரண்டு பெயரையும் தப்பில்லாமல் சொன்னார். மலைச்சாமி ஆமென் சொல்லவில்லை. ஆனால் சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கறி நன்றாக இருந்தது, ரசத்தில் உப்பு ஒரு கல் குறைவு என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

கப்பல் கம்பெனி மறுபடி கூப்பிட்டது. இப்போது எங்கள் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போகின்றன, பயமில்லை என்றார்கள். தமிழ்மாறன் எஸ்தரிடம் கேட்டார். போகணும்னா போங்க, நான் மறிக்க மாட்டேன் என்றார் எஸ்தர். அவர் போகவில்லை. கொஞ்சம் பயம் இருந்தது, அதை அவர் மறைப்பதில்லை. அதைவிட, மகள் வளருவதைப் போனில் பார்த்தது போதும் என்று தோன்றியது.

இப்போது தல்லாகுளத்தில், நீதிமன்றத்துக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறார். மதியச் சாப்பாடு மட்டும். எஸ்தர் கல்லாவில் உட்கார்ந்துகொண்டே ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பார். நார்க் கம்பெனியில் வேலை குறைந்திருந்த சோலையம்மாள் காய் நறுக்க வந்தார். அங்கே கன்டெய்னர்கள் ஓரளவு ஓட ஆரம்பித்த பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை. இங்கே பேச்சுத்துணை இருக்கிறதாம். வக்கீல் குமாஸ்தாக்கள், மனுக் கொடுக்க வந்து அலைகிறவர்கள், பேருந்துக் கண்டக்டர்கள் என்று கூட்டம் வருகிறது. வெள்ளிக்கிழமைகளில் புளி போட்ட மீன் சூப் ஒன்று வைக்கிறார். காரம் கிடையாது. இதென்ன மீன் குழம்பும் இல்லாமல் ரசமும் இல்லாமல் என்று முதலில் கேட்டவர்கள் இப்போது அது தீர்ந்துவிட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறினால் மற்ற மெஸ்காரர்கள் கடைக்காரரைத் திட்டுவார்கள். தமிழ்மாறன் அன்றைக்குச் செய்தி பார்ப்பார். எந்தக் கடலில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, அன்று கடை திறக்கும் முன் செய்கிற ஜெபத்தைக் கொஞ்சம் நீட்டுவார். சோலையம்மாளும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். யூரி எப்போதாவது படம் அனுப்புகிறார். மிகொலா கை ஆறி வேறு கப்பலில் சேர்ந்துவிட்டார் என்ற செய்தியும் யூரி சொல்லித்தான் தெரிந்தது. இருவரும் பேசிக்கொள்கிறார்கள் என்பது அதிலிருந்து புரிந்தது. சாலிமைப் பற்றி மட்டும் எதுவும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

போன மாதம் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் மலைச்சாமியின் முறை வந்தது. வழக்கம்போல உரத்த குரலில் ராணுவ வீரர்களுக்காகவும், வாடிப்பட்டி விவசாயிகளுக்காகவும், தன் முழங்கால் வலிக்காகவும் ஜெபித்துக்கொண்டே போனவர் நடுவில் நின்றார்.

"அந்த மீன்காரரு... சாலிமு. அவரு படகையும் பாத்துக்கிரும் ஆண்டவரே" என்றார். உடனே வேகமாக மழைக்கான ஜெபத்துக்குத் தாண்டிவிட்டார்.

எஸ்தர் கண்ணை மூடியபடியே கணவரின் விலாவில் இடித்தார். தமிழ்மாறன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆமென் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸுக்கு விடுமுறை. அன்று அவர் அடுப்புப் பக்கம் போவதே இல்லை. ஆலயம் முடிந்து வந்ததும் பாய் விரித்து மகளோடு உட்கார்ந்துகொள்வார். எஸ்தர் என்ன வைத்தாலும் குறை சொல்லாமல் சாப்பிடுவார். அவ்வப்போது உப்பு கம்மியாத்தான் இருக்கும், இருந்தாலும் அப்பா அதைச் சொல்வதில்லை என்று பவதாரிணி அம்மாவிடம் காட்டிக்கொடுப்பாள். சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே அப்படியே கையைத் தலைக்கு வைத்துப் படுத்தால், சாயங்காலம் வரை நன்றாகத் தூங்குகிறார்.